உஷார்! என்ஜின் நம்பரை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

பழைய ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி போன்ற வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்களா? தயவுசெய்து நில்லுங்கள். "நம்பரெல்லாம் மேட்ச் சார்", "இது கம்பெனியிலேயே ரீபில்ட் பண்ணின வண்டி சார்" என்ற இரண்டு பேச்சை நம்பித்தான் இந்தச் சந்தையில் பெரும் பணம் கை மாறுகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் அப்பட்டமான பொய்யாகவும் இருக்கலாம். வண்டியின் முன்னால் நின்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எது எது என்று தெரியாது. நன்றாகப் பெயின்ட் அடித்து, குரோமியம் பூசி, தோல் சீட் மாற்றி நிறுத்தியிருக்கும் வண்டியைப் பார்த்தால் கண் மயங்கும். விற்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

"நம்பர் மேட்ச்" என்று யாராவது சொன்னால், எதோடு மேட்ச் என்று உடனே திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலான புரோக்கர்கள் திணறுவது இந்த ஒரு கேள்வியில்தான். நம் ஊரில் பலர் சேஸியிலும் என்ஜினிலும் ஒரே எண் இருந்தால்தான் அசல் வண்டி என்று நினைக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸ் விஷயத்தில் இந்த நினைப்பே ஆபத்து. உதாரணத்துக்கு, 1929 முதல் 1935 வரை வந்த ஃபேன்டம் II காரை எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிக்கு ஒரு வரிசை, என்ஜினுக்கு வேறொரு வரிசை. சேஸி எண்ணில் முதலில் இலக்கம் வரும், பிறகு எழுத்து. என்ஜின் எண்ணில் எழுத்து முதலில், இலக்கம் பிறகு. இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது. அப்படிப்பட்ட காரில் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டினால், பின்னால் யாரோ பஞ்ச் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்றும் சொல்கிறேன். ரோல்ஸ் ராய்ஸ் தன் சேஸி வரிசைகள் பலவற்றில் 13 என்ற இலக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டது. 13 உள்ள தகடு கண்ணில் பட்டால் அந்த வரிசையில் அப்படி ஒரு வண்டி வந்ததா என்று கேட்காமல் நகராதீர்கள்.

மேட்ச் ஆக வேண்டியது கம்பெனியின் சொந்தப் பதிவோடு. போருக்கு முந்தைய ஒவ்வொரு ரோல்ஸ் ராய்ஸுக்கும் தொழிற்சாலையில் ஒரு சேஸி அட்டை எழுதினார்கள். ஆர்டர் கொடுத்தவர் பெயர், பாடி கட்டப்போகும் நிறுவனம், என்ஜின் எண், பின் ஆக்ஸில் விகிதம், ஸ்பிரிங் கனம், ஸ்டியரிங் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், சோதனை ஓட்டம் நடந்த தேதி என்று வரிசையாக இருக்கும். வெளிநாட்டுக்குப் போன வண்டியானால் கப்பல் விவரமும் சில அட்டைகளில் உண்டு. நம் மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் வாங்கிய வண்டிகளுக்கும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த அட்டைகள் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் ஹன்ட் ஹவுஸ் என்ற கட்டடம் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் தலைமையகம் அது. சேஸி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அங்கிருந்து நகல் வாங்கலாம். கோடி ரூபாய் வண்டியோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. அந்த நகல் இல்லாமல் பேரம் பேசுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

"ஆர்.சி. புக்கில் இருக்கிற என்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்.சி. சொல்வது பதிவு செய்த அன்று வண்டியில் எந்த என்ஜின் இருந்தது என்பதை மட்டுமே. தொழிற்சாலையிலிருந்து எந்த என்ஜினோடு வண்டி வெளியே வந்தது என்று அது சொல்லாது. பெட்ரோல் செலவு தாங்காமல் பெரிய பழைய கார்களில் டீசல் என்ஜின் ஏற்றி ஓட்டிய காலம் நம் நாட்டில் இருந்தது. ஆர்.டி.ஓ.வில் முறையாகச் சொல்லி மாற்றியவர்களின் புத்தகத்தில் அந்த டீசல் என்ஜினின் எண்தான் இருக்கும். புத்தகமும் வண்டியும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும், ஆனால் கார் பிறந்தபோது இருந்த என்ஜின் எந்தக் காயலான் கடையில் உருகியதோ தெரியாது. பரிசோதனையின்போது சேஸி எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கிறார்களே, அதுவும் அப்படித்தான். போன மாதம் அடித்த எண்ணிலும் அச்சு அழகாகவே விழும்.

இப்போது இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள தனி நம்பர் பிளேட் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. நல்ல விதி, வரவேற்க வேண்டியது. ஆனால் அதில் உள்ள நிபந்தனையை வாங்குகிறவர்கள் சரியாகப் படிப்பதில்லை. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய அளவில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. இரண்டு வண்டியை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியதையும், வேறு என்ஜின் ஏற்றியதையும் தெரியாமல் வாங்கி, இந்தப் பதிவுக்கு விண்ணப்பித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். விற்றவர் அதற்குள் போன் நம்பர் மாற்றியிருப்பார்.

அடுத்தது அந்த "ஃபேக்டரி ரீபில்ட்". இதற்குத்தான் நான் அதிகமாகப் பயப்படுகிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்பெனிகள் தாங்கள் விற்ற வண்டியைத் திரும்ப வாங்கி, பிரித்து, என்ஜின் மாற்றிக் கொடுத்ததெல்லாம் நடந்ததுதான். அமெரிக்காவின் டூசன்பர்க் ஜே மாடலில் என்ஜினும் பாடியும் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது சர்வ சாதாரணம். கார் புதிதாக இருந்த நாட்களிலேயே கம்பெனிக் கிளைகள் அதைச் செய்திருக்கின்றன. அங்கே வண்டியை அடையாளம் சொல்வதே 'ஜே' எழுத்தோடு வரும் என்ஜின் எண்ணை வைத்துத்தான். ஆகவே என்ஜின், சேஸி சட்டம், என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகடு, பாடி எல்லாம் முதலிலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்பதை ஆபர்ன்–கார்ட்–டூசன்பர்க் சங்கத்தார் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சான்று தருகிறார்கள்.

தொழிற்சாலையிலேயே மாறிய வண்டி என்றால் எவ்வளவு மாறலாம்? பென்ட்லியின் 'ஓல்ட் நம்பர் ஒன்' கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பீட் சிக்ஸ் வகைப் பந்தயக் கார் அது. 1929-லும் 1930-லும் தொடர்ந்து இரண்டு முறை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் ஒருவர் பென்ட்லி கம்பெனியின் தலைவர் வுல்ஃப் பர்னாட்டோ. ஒவ்வொரு பந்தயத்துக்கும் நடுவில் வண்டியைப் பிரித்து, பாகம் மாற்றி, மறுபடி கட்டினார்கள். பிறகு 8 லிட்டர் என்ஜின் ஏற்றினார்கள். 1932-ல் புரூக்லேண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் அந்த வண்டி பாதையை விட்டுப் பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். எஞ்சியதைக் கொண்டு மறுபடி கட்டி, கூபே பாடி போட்டு பர்னாட்டோ வைத்துக்கொண்டார். அப்படியானால் லெ மானில் வென்ற வண்டி எங்கே?

1990-ல் இந்தக் கேள்வி லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்ட நிறுவனம், இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்கியது. நீதிபதி ஆட்டன் பல நாள் சாட்சியம் கேட்டார். 1929-ல் ஓடிய அதே பாகங்களோடு இது இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் மாற்றங்கள் படிப்படியாக, ஒரே வண்டியின் வாழ்க்கைக்குள்ளேயே நடந்தன, அடையாளம் எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு எந்த வண்டியும் இல்லை என்று சொல்லி விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன், சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு, "பாகம் மாறினால் என்ன சார், கோர்ட்டே ஒத்துக்கொண்டது" என்று பேசுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள். அந்த வண்டியை எப்போது எங்கே பிரித்தார்கள், எதை மாற்றினார்கள், யார் ஓட்டினார்கள் என்று பந்தயப் பதிவும் கம்பெனிப் பதிவும் புகைப்படமும் நேரில் பார்த்தவர்களின் வார்த்தையும் இருந்தன. உங்களிடம் காட்டும் வண்டிக்கு 1947-க்கும் 1985-க்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்றால், அந்த நீதிபதி சொன்னது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

சும்மா வாயால் சொல்லும் ரீபில்ட் கதையைக் கவிழ்க்க வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். ரோல்ஸ் ராய்ஸ் 1908-ல் டெர்பிக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் வரை இங்கிலாந்தில் அதன் கார் அங்கேதான் உருவானது. கிரூவில் கார் வேலை தொடங்கியது 1946-ல். "1936-ல் கிரூ ஃபேக்டரியில் ரீபில்ட்" என்று எழுதிய கடிதத்தை யாராவது நீட்டினால் அது பின்னால் தயாரித்த கடிதம். பென்ட்லியின் கிரிக்கிள்வுட் தொழிற்சாலைக்கும் இதே கணக்கு. 1931-ல் கம்பெனி திவாலாகி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனதோடு அங்கே கார் உற்பத்தி முடிந்தது. "கம்பெனி ஒரிஜினல் பாடி" என்பது இன்னொரு பொய். போருக்கு முன் இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் விற்றது சேஸியும் என்ஜினும் மட்டுமே. பாடியை பார்க்கர், ஹூப்பர், த்ரப் அண்ட் மேபர்லி போன்ற வேறு நிறுவனங்கள் கட்டின. சென்னையின் சிம்சன் கம்பெனியும் அந்த நாளில் ரோல்ஸ் ராய்ஸ் சேஸிகளுக்குப் பாடி கட்டியிருக்கிறது. கனமான மூடிய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த டூரர் பாடி மாட்டினால் விலை ஏறும் என்பதால், அந்த அறுவை சிகிச்சைக்கு ஆளான வண்டிகள் உலகமெங்கும் இருக்கின்றன.

பென்ட்லி வாங்குபவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கிரிக்கிள்வுட்டில் பிறந்த 3 லிட்டர் கார் 1,600-க்கு மேல். ஸ்பீட் சிக்ஸ் 182. 8 லிட்டர் மாடல் மொத்தமே 100. சூப்பர்சார்ஜர் பொருத்திய 'புளோயர்' 55. எண்ணிக்கை குறையக் குறைய விலை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 3 லிட்டர் சேஸியில் நாலரை லிட்டர் என்ஜின், 4 லிட்டர் சேஸியில் 8 லிட்டர் என்ஜின், சாதாரண ஆறரை லிட்டரை ஸ்பீட் சிக்ஸ் போல மாற்றியது, இப்படிக் கலந்து கட்டிய வண்டிகள் நிறைய உண்டு. ஸ்பீட் சிக்ஸின் ரேடியேட்டருக்குப் பக்கங்கள் நேராக இருக்கும், கார்புரேட்டர் இரண்டு இருக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், இரண்டையும் ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம்.

கலந்து கட்டியதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. "இது 3 லிட்டர் சேஸி, நாலரை லிட்டர் என்ஜின்" என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அருமையான வண்டி, தாராளமாக வாங்குங்கள். பென்ட்லி நிறுவனமே அண்மையில் பழைய புளோயரை லேசர் ஸ்கேன் செய்து 12 புதிய வண்டிகள் கட்டியது. அவை புதியவை என்று சொல்லித்தான் விற்றது. மறைத்து விற்பதுதான் மோசடி. என்ஜின் மாறியது பதிவில் இருந்தால் அது வண்டியின் வரலாறு, பதிவில் இல்லாமல் எண்ணை மட்டும் மாற்றி அடித்திருந்தால் அது போர்ஜரி. நல்ல வேளையாக, அந்தக் கால பென்ட்லி 5 ஆண்டு உத்தரவாதம் கொடுத்தது. அதனால் ஒவ்வொரு வண்டி சர்வீஸுக்கு வந்தபோதும் என்ன செய்தோம் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவுகளை பென்ட்லி பெயரிலான அறக்கட்டளை ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் ராக்ஸ்டனில் பாதுகாக்கிறது. மைக்கேல் ஹே எழுதிய நூல் சேஸி சேஸியாக விவரம் தருகிறது.

வண்டியை நேரில் பார்க்கும்போது என்ன செய்வது? என்ஜின் எண் கிரங்க் கேஸில் இருக்கும். ரோல்ஸ் ராய்ஸில் அது அலுமினிய வார்ப்பு. எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், கிட்டத்தட்ட பரப்போடு ஒட்டிப் பிடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழும்பும். எண் உள்ள இடம் சுற்றியுள்ள பரப்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா? அரத்தின் இழைக்கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா? அக்கம்பக்கத்தில் இருக்கும் வார்ப்பின் சொரசொரப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் வழுவழுப்பாக இருக்கிறதா? அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் பஞ்சை வைத்துச் சுத்தியால் அடித்தார்கள். ஒன்று சற்று ஆழமாக, ஒன்று லேசாகச் சாய்ந்து இருக்கும். எல்லா இலக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில், கூரான விளிம்போடு நின்றால் சந்தேகப்படுங்கள். வெல்டிங் வைத்து நிரப்பி மேலே அடித்திருந்தால் நிறம் வேறாகத் தெரியும்.

தகட்டை நம்பவே நம்பாதீர்கள். பழைய கார்களுக்குப் புதிய அடையாளத் தகடுகளை வெளிப்படையாகவே செய்து விற்கிறார்கள். தகட்டைவிட அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். தகடு மங்கி ரிவெட் மட்டும் பளபளவென்று இருந்தால் கேள்வி கேளுங்கள். சேஸி சட்டம் எஃகு. அதில் எண்ணை அரைத்து எடுத்திருந்தாலும் அமிலம் தடவிப் பழைய எண்ணை ஓரளவு வெளிக்கொண்டு வரும் முறை தடய அறிவியலில் இருக்கிறது. இரும்புத்தூளும் காந்தமும் கொண்டு சோதிக்கிறேன் என்று யாராவது அலுமினியக் கிரங்க் கேஸை நோக்கி வந்தால், அவரை உடனே அனுப்பிவிடுங்கள். அலுமினியத்தில் அந்தச் சோதனை வேலை செய்யாது.

எண்ணைத் துருவிப் பார்க்காமல் வாங்கினால் ஏமாற்றம் மட்டுமல்ல, வண்டியே கையை விட்டுப் போகலாம். 1930-களின் மெர்சிடிஸ் 500கே ஸ்பெஷல் ரோட்ஸ்டர் ஒன்று 2011-ல் கலிஃபோர்னியா ஏலத்தில் 37 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. வாங்கியவர் அடுத்த ஆண்டு ஜெர்மனியின் எஸ்ஸன் நகரக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுவந்தார். போர் முடிந்த நாட்களில் எங்கள் குடும்பத்திடமிருந்து களவு போன வண்டி இது என்று முதல் உரிமையாளரின் வாரிசுகள் முறையிட, அங்கேயே பறிமுதல் ஆனது. ஏறக்குறைய 70 ஆண்டு கழித்து! உலகறிந்த ஏலத்தில் பகிரங்கமாக வாங்கியவருக்கே இந்தக் கதி. பட்டறை மூலையில் ரொக்கத்துக்கு வாங்குகிறவர் நிலையை யோசியுங்கள்.

நம் நாட்டிலிருந்து 1960-களிலும் 70-களிலும் சமஸ்தான வண்டிகள் கொத்துக் கொத்தாக வெளிநாடு போயின. சில முழு வண்டியாகப் போயின, சில துண்டு துண்டாக. சேஸி ஒரு நாட்டிலும் என்ஜின் இன்னொரு நாட்டிலும் இருந்து, இரண்டு பேரும் ஒரே எண்ணுக்குச் சொந்தம் கொண்டாடும் வாய்ப்பு அதனால் நிஜமாகவே இருக்கிறது. உங்களுக்குக் காட்டும் எண்ணில் வேறொரு வண்டி உலகில் எங்காவது ஓடுகிறதா என்று அந்தந்த மாடலின் சங்கத்தாரிடம் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் தாத்தா காலத்து வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிங்கரிங், பெயின்டிங்குக்கு விடும் முன் எண் உள்ள எல்லா இடங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த இடங்களில் எமரி தாளோ கிரைண்டரோ படக் கூடாது என்று பட்டறையில் எழுதியே கொடுங்கள். பழைய என்ஜின் ஓடாவிட்டாலும் அதை எடைக்குப் போடாதீர்கள். துருப்பிடித்த அந்த இரும்பும் அலுமினியமும்தான் வண்டியின் பிறப்புச் சான்று.

வாங்குகிறவர்களே, வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே சேஸி எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். அட்டையின் நகலை நீங்களே நேரடியாக வரவழையுங்கள், விற்பவர் நீட்டும் நகலை ஏற்காதீர்கள். அது கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம். "வேறு பார்ட்டி காத்திருக்கிறார், இன்றே முடிக்க வேண்டும்" என்று அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். எண்ணை எழுதித் தர மறுக்கிறவரிடம் வண்டி வாங்காதீர்கள்.